டெஸ்டோஸ்டீரோனுக்கு மரபணு இல்லை: ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஆளும் மரபணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவானின் அகாடெமியா சினிகா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போன்-சூ சுங் ஒரு மூலக்கூறு உயிரியலாளர். உடலில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாவதை எந்த மரபணுக்கள் ஆள்கின்றன என்பதே அவருடைய ஆய்வு. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளில்தான் வந்து நிற்கிறார்கள். அவற்றைப் புரிந்துகொள்ள வசதியான வரிசையில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

டெஸ்டோஸ்டீரோனை உண்டாக்கும் மரபணு எது?

அப்படி ஒரு மரபணு கிடையாது. மழுப்பவில்லை, உண்மையாகவே கிடையாது.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு புரதம். எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது வரவேண்டும் என்பது டிஎன்ஏவில் எழுத்தெழுத்தாக இருக்கிறது. செல் அதைப் படித்து அப்படியே கோக்கிறது. ஆகவே இன்சுலின் மரபணு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியும். டெஸ்டோஸ்டீரோன், கார்டிசோல், ஈஸ்ட்ரோஜன் எல்லாம் புரதம் அல்ல, கொழுப்பு வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள். டிஎன்ஏவில் எங்கு தேடினாலும் அவற்றின் வடிவம் எழுதப்பட்டிருக்காது. எழுதப்பட்டிருப்பது அவற்றைச் செதுக்கும் நொதிகள் என்ற புரதங்களின் செய்முறை. அப்புறம், எந்த நொதி எந்தச் செல்லில் எப்போது இருக்கலாம் என்ற அனுமதி.

இந்தத் துறையில் முக்கால்வாசி இந்த அனுமதியைப் பற்றிய கதைதான். நோய்களும் பெரும்பாலும் அங்கிருந்தோ நொதிகளின் பழுதிலிருந்தோதான் கிளம்புகின்றன.

ஸ்டீராய்டு என்றால் உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதுவா?

அது இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை: டெஸ்டோஸ்டீரோனும் அதை ஒட்டிச் செயற்கையாகச் செய்தவையும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மருத்துவர் எழுதும் பிரெட்னிசோலோன் வேறொரு கிளை, கார்டிசோலின் உறவு. இங்கே பேசப்போவது உடல் தானாகவே தயாரித்துக்கொள்பவற்றைப் பற்றி.

இவை எல்லாம் எதிலிருந்து உருவாகின்றன?

கொலஸ்ட்ராலிலிருந்து. எல்லோரும் பயப்படும் அதே கொலஸ்ட்ரால்.

கார்பன் அணுக்களை எண்ணிக்கொண்டே வந்தால் பாதை சுலபமாக மனதில் நிற்கும். கொலஸ்ட்ராலில் 27 கார்பன். அதன் பக்கச் சங்கிலியிலிருந்து 6 போனால் 21 கார்பன் உள்ள பிரெக்னெனலோன். புரோஜெஸ்டிரோன், நெருக்கடியில் கைகொடுக்கும் கார்டிசோல், உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டீரோன் மூன்றும் இந்த 21 வகை. இன்னும் இரண்டைக் கழித்தால் 19: டெஸ்டோஸ்டீரோன் போன்றவை. அதிலும் ஒன்றைக் கழித்தால் 18: ஈஸ்ட்ரோஜன்கள். கழித்துக் கழித்துச் செய்யும் சிற்பவேலை. நடுவே ஆக்சிஜனை ஓர் இடத்தில் ஏற்றுவது, ஹைட்ரஜனை எடுப்பது போன்ற சில்லறை வேலைகளும் உண்டு. இந்தச் சில்லறை வேலைகளில்தான் கார்டிசோலும் ஆல்டோஸ்டீரோனும் பிரிகின்றன.

ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று பிரிப்பது சரியா?

பேச்சு வழக்குக்குச் சரி. வேதியியல்படி பார்த்தால் ஈஸ்ட்ரோஜனுக்கு நேர் முந்தைய படியே டெஸ்டோஸ்டீரோனும் அதன் உறவுகளும்தான். அரோமடேஸ் என்ற நொதி ஒரு கார்பனை நீக்கி முதல் வளையத்தை மாற்றியமைத்தால் ஈஸ்ட்ரோஜன் ஆகிவிடுகிறது. பெண்ணின் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைத் தயாரிப்பது இந்த வழியில்தான். ஆணின் எலும்பு வலுவாக இருப்பதற்கும் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் தேவை.

அந்த முதல் வெட்டைப் பற்றி ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

27ஐ 21 ஆக்கும் வெட்டு நடக்காவிட்டால் பின்னால் ஒன்றுமே நடக்காது. கார்டிசோலும் இல்லை, டெஸ்டோஸ்டீரோனும் இல்லை, ஈஸ்ட்ரோஜனும் இல்லை. அந்த வெட்டைச் செய்யும் நொதியின் செய்முறை சிப்11ஏ1 என்ற மரபணுவில் இருக்கிறது. மனிதரில் அது 15ஆம் குரோமோசோமில் உள்ளது.

நொதி குடியிருக்கும் இடம், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு. ஒரே வீச்சில் வெட்டிவிடாது. முதலில் ஓர் ஆக்சிஜனை ஒரு கார்பனில் ஏற்றும், அடுத்து பக்கத்துக் கார்பனில் இன்னொன்று, மூன்றாவது சுற்றில் இரண்டுக்கும் நடுவே உள்ள பிணைப்பு அறும். ஒவ்வொரு சுற்றுக்கும் எலக்ட்ரான் வேண்டும். அதைக் கைமாற்றிக் கொண்டுவந்து தர இரண்டு துணைப் புரதங்கள் இருக்கின்றன.

இந்த நொதிக் குடும்பத்தின் பெயர் பி450. பெயர்க் காரணம் சுவாரசியமானது: இரும்பு பொதிந்த இந்த நொதியுடன் கார்பன் மோனாக்சைடைச் சேர்த்தால் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது பலமாக உறிஞ்சும். என்ன வேலை செய்கிறது என்று தெரியாமலேயே நிறத்தை வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள். வேலை இன்னதென்று 1963இல் முதலில் தெளிந்தது ஒரு ஸ்டீராய்டு வேலையில்தான். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில், 21ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏற்றுவது அது.

போன்-சூ சுங் இதில் எங்கே வருகிறார்?

முதல் வெட்டைச் செய்யும் நொதிக்கான மனித மரபணு வரிசையைப் பிடித்துக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவில் வால்டர் மில்லரின் குழுவில் இருந்தபோது, 1986இல், வெளியான கட்டுரையின் முதல் பெயர் அவருடையது. மரபணு 15ஆம் குரோமோசோமில் இருப்பதும், நஞ்சுக்கொடியிலும் அது இயங்குவதும் அதில் வந்தன.

அந்தக் காலத்தில் மரபணுவைப் பிடிப்பது என்றால் என்ன வேலை என்று இன்றைக்குக் கணினியில் தேடி எடுப்பவர்களுக்குச் சொன்னாலும் புரிவது கடினம். சுரப்பித் திசுவிலிருந்து ஆர்என்ஏவைப் பிரிக்க வேண்டும். அதை டிஎன்ஏ நகலாக மாற்றித் துண்டு துண்டாகப் பாக்டீரியாக்களுக்குள் அல்லது வைரஸ்களுக்குள் ஏற்ற வேண்டும். தட்டுகளில் ஆயிரக்கணக்கில் புள்ளிகளாக வளர்ந்ததும் மெல்லிய வடிதாளை மேலே ஒற்றி எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய ஒரு டிஎன்ஏ துண்டில் ஊறவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருப்பு. ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்போது எங்கோ ஒரு மூலையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால், அந்தப் புள்ளிக்கு நேரே உள்ள கூட்டத்தில்தான் தேடிய மரபணு.

அடுத்த ஆண்டு, 1987இல், பி450சி17 என்ற இன்னொரு நொதி. என் பார்வையில் இதுதான் இன்னும் அழகான முடிவு. 21 கார்பனை 19 ஆக்குவது இந்த நொதி. அட்ரினலிலும் விரையிலும் இது வேலை செய்கிறது. இரண்டு உறுப்புக்கும் வேறு வேறு மரபணுக்களா என்ற கேள்விக்கு, ஒரே மரபணுதான் என்று காட்டினார்கள். ஒரே கருவி, இரண்டு பட்டறை. அப்படியானால் ஒரு பட்டறையில் முக்கியமாகக் கார்டிசோலும் இன்னொன்றில் டெஸ்டோஸ்டீரோனும் வருவானேன்? கூட இருக்கும் மற்ற நொதிகளைப் பொறுத்து. யார் யார் கூட இருக்கலாம் என்று முடிவு செய்வது எது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய பிற்கால ஆய்வு போனது.

நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. கொலஸ்ட்ரால் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது?

நல்ல கேள்வி. பல ஆண்டுகள் எல்லோரையும் அலைக்கழித்த கேள்வியும்கூட. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையே இருப்பதோ நீர்ப்பகுதி. தானாகக் கடக்க முடியாது.

1994இல் டக்ளஸ் ஸ்டாக்கோவின் குழு ஒரு எலியின் விரைச் செல் வகையிலிருந்து ஸ்டார் என்ற புரதத்தின் மரபணுவைப் பிரித்தது. கொலஸ்ட்ராலை உள்ளே சேர்ப்பது இந்தப் புரதம். இதில் ஒரு விசித்திரம் உண்டு: ஸ்டார் வேலை செய்வது வாசற்படியில் நிற்கும்வரைதான். வெளிச்சவ்வில் நின்றபடி ஒவ்வொரு மூலக்கூறும் நூற்றுக்கணக்கான கொலஸ்ட்ராலை உள்ளே அனுப்புகிறது. அதுவே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விட்டால் அதோடு அதன் வேலை முடிந்தது.

1995இல் மனிதரிலும் இது உறுதியானது. ஸ்டார் மரபணு பழுதடைந்த குழந்தைகளின் அட்ரினல் சுரப்பி கொழுப்பு தேங்கிப் பெருத்திருக்கும். சரக்கு வாசலிலேயே குவிகிறது, உள்ளே போக ஆள் இல்லை. ஸ்டார் இல்லாமலும் கொஞ்சம் கொலஸ்ட்ரால் எப்படியோ கசிந்து உள்ளே போகும். அதனால் ஆரம்பத்தில் சிறிதளவு ஹார்மோன் கிடைக்கும். போதாத ஹார்மோனுக்காக மூளை மேலும் மேலும் விரட்ட, செல்லுக்குள் கொழுப்பு குவிந்து குவிந்து கடைசியில் செல்லையே கெடுத்துவிடும். இரண்டாவது அடி என்று ஆய்வாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தக் குழந்தைகளில் பெண்ணாகப் பிறந்த சிலருக்குச் சினைப்பை பருவ வயது வரை தப்பித்திருக்கும். அதுவரை யாரும் அதை விரட்டவில்லை என்பதுதான் காரணம்.

எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே? தோல் செல் ஏன் கார்டிசோலை வெள்ளமாகக் கொட்டுவதில்லை?

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. அங்கே சரியான புரதம் வந்து உட்கார்ந்தால்தான் மரபணு படிக்கப்படும். 1990களின் தொடக்கத்தில் கவனித்த விஷயம் இது: ஸ்டீராய்டு தயாரிக்கும் நொதிகள் வேறு வேறு குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் முன்பகுதியில் ஏறக்குறைய ஒரே சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் வந்து ஒட்டும் புரதத்தை அமெரிக்காவில் கீத் பார்க்கரின் குழுவும் ஜப்பானில் கென்-இச்சிரோ மொரொஹாஷியின் குழுவும் 1992வாக்கில் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒருவர் எஸ்எஃப்-1 என்றார், மற்றவர் ஏடி4பிபி என்றார். இரண்டும் ஒன்றே.

1994இல் பார்க்கரின் குழு இந்த மரபணுவை எலியிலிருந்து நீக்கிப் பார்த்தது. எதிர்பார்த்தது, ஹார்மோன் குறையும் என்பது. நடந்ததோ வேறு. அட்ரினல் சுரப்பியே இல்லை. விரையும் இல்லை, சினைப்பையும் இல்லை. குட்டிகள் பிறந்து சில நாட்களில் இறந்தன. கருவியை எங்கே வைக்கலாம் என்று சொல்லும் மேஸ்திரி என்று நினைத்தார்கள், பட்டறையைக் கட்டியதே அவர்தான் என்று தெரிந்தது.

கட்டுப்பாட்டுப் பகுதி வேலை செய்கிறது என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

எளிதான வழி, அந்தப் பகுதியை வெட்டி மின்மினிப்பூச்சியின் ஒளிதரும் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, அட்ரினல் செல்லுக்குள் விடுவது. செல் ஒளிர்ந்தால் ஸ்விட்ச் இயங்குகிறது. ஓர் எழுத்தை மாற்றிப் பார், ஒளி மங்குகிறதா? அந்த எழுத்து முக்கியம். இப்படியே எழுத்தெழுத்தாக நகர்வார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

ஆனால் தட்டில் வளரும் செல் ஒன்று, உயிருள்ள விலங்கு வேறு. சுங்கின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் எலியின் சிப்11ஏ1 மரபணுவை ஒன்றும் செய்யவில்லை. அதன் ஸ்விட்சில் மட்டும் கைவைத்தார்கள். விளைவு உறுப்புக்கு உறுப்பு வேறுபட்டது. சில திசுக்களில் நொதி குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. எலிகள் வழக்கம்போல இனப்பெருக்கம் செய்தன. நெருக்கடி வந்தபோது மட்டும் ஹார்மோனைப் போதிய அளவு ஏற்ற முடியவில்லை. சாதாரண நாளில் யாருக்கும் தெரியாத குறை. ஒரே மரபணுவுக்கு ஒவ்வோர் உறுப்பிலும் ஒவ்வொரு விதமான பிடி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

முதல் வெட்டின் மரபணுவை அடியோடு நீக்கினால்?

அதையும் அதே குழு 2002இல் செய்தது. எலிக்குட்டிகள் பிறந்தன, ஆனால் சில நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிழைத்தன. ஆண் குட்டிகளின் வெளிப்புற உறுப்புகள் பெண் போல இருந்தன. அட்ரினல் செல்களில் கொழுப்பு தேங்கியிருந்தது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கர்ப்பம் நிலைக்கப் புரோஜெஸ்டிரோன் வேண்டும். முதல் வெட்டு இல்லாமல் புரோஜெஸ்டிரோன் இல்லை. அப்படியானால் இந்தக் குட்டிகள் எப்படிப் பிறந்தன? எலியில் பிரசவம்வரை தாயின் சினைப்பைதான் புரோஜெஸ்டிரோன் தருகிறது. தாயின் மரபணு சரியாக இருந்தால் போதும். முயலிலும் அப்படியே. இயற்கையாகவே இந்த மரபணு அறுந்துபோன முயல்கள் பிறந்திருக்கின்றன.

மனிதக் கர்ப்பத்தில் சில வாரங்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு நஞ்சுக்கொடிக்கு மாறிவிடுகிறது. நஞ்சுக்கொடி கருவின் மரபணுவைக் கொண்டது. அதனால் மனிதரில் இந்த மரபணு கெட்டால் குழந்தை பிறக்கவே வாய்ப்பில்லை என்று நினைத்தார்கள். 2001இல் முதல் நோயாளி கண்டறியப்பட்டபோதுதான் அந்த எண்ணம் தளர்ந்தது. அவருக்கு இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் பழுது. நஞ்சுக்கொடிக்கு ஸ்டார் தேவையில்லை, வேறொரு புரதத்தை வைத்துச் சமாளிக்கிறது. ஆகவே ஸ்டார் கெட்ட குழந்தைகள் மட்டும் சிக்கலின்றிப் பிறந்துவிடுகிறார்கள்.

ஹார்மோன் ஆய்வில் மீனுக்கு என்ன வேலை?

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி போல ஒளிபுகும். உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். கருவுற்று 4 மணி நேரம் ஆனதும் பார்த்தால், மஞ்சள்கருவின் தலையில் செல்கள் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும். பிறகு அந்தக் குல்லாய் மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பிக்கும். 10 மணி நேரம் ஆவதற்குள் மஞ்சள்கரு முழுவதையும் மூடிவிடும். அட்ரினலும் விரையும் உருவாகாத நேரம் அது. ஹார்மோனுக்கு அங்கே வேலை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

சுங்கின் குழு அந்தக் கருவில் முதல் வெட்டின் நொதியைக் குறைத்தது. குல்லாய் இறங்குவது பின்தங்கியது. பிரெக்னெனலோனைச் சேர்த்ததும் மீண்டும் இறங்கியது. காரணம், செல்லுக்குள் சாரம் கட்டியது போல ஓடும் நுண்குழல்கள். பிரெக்னெனலோன் இருந்தால் அவை உறுதியாக நிற்கின்றன, இல்லாவிட்டால் கலைகின்றன. 2006இல் நேச்சர் இதழில் வந்தது இது. 2013இல் அடுத்த படி: பிரெக்னெனலோன் கிளிப்-170 என்ற புரதத்தில் ஒட்டி அதன் வடிவத்தை மாற்றுகிறது, அதன் வழியாக நுண்குழல்கள் வளர்கின்றன.

அதுவரை பிரெக்னெனலோனைப் பெரும்பாலும் மற்ற ஹார்மோன்களுக்கான மூலப்பொருளாகத்தான் பார்த்துவந்தார்கள். அதற்கே ஒரு வேலை இருந்திருக்கிறது.

பயந்தால் நிமிடங்களில் கார்டிசோல் ஏறுகிறதே, அதற்குள் மரபணு இயங்கிவிடுமா?

இல்லை. அட்ரினல் சுரப்பி கார்டிசோலைச் சேர்த்து வைப்பதும் இல்லை, வேண்டும்போது செய்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, அட்ரினலை விரட்டும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் வந்ததும் முதலில் ஸ்டார் விரட்டப்பட்டு, ஏற்கெனவே இருக்கும் நொதிகளுக்குக் கொலஸ்ட்ரால் வேகமாகப் போய்ச் சேரும். நிமிடக் கணக்கு அது. மரபணுக்களைக் கூடுதலாகப் படித்து நொதிகளைப் பெருக்குவது மணி, நாள் கணக்கு.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு மருத்துவ அறிவுரை விளங்கும். பிரெட்னிசோலோனை வாரக்கணக்கில் சாப்பிட்டால் மூளை ஏசிடிஎச்சை நிறுத்திவிடும். ஏசிடிஎச் இல்லாத சுரப்பியில் இந்த மரபணுக்கள் அடங்கிப்போய், சுரப்பியே சுருங்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

இந்த மரபணுக்களில் அதிகம் பழுதாவது எது?

சிப்21ஏ2, அதாவது 21ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏற்றும் நொதியின் மரபணு. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இதனால்தான். கடுமையான வகை ஏறத்தாழ 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது.

ஏன் இது மட்டும்? அக்கம்பக்கம் சரியில்லை. 6ஆம் குரோமோசோமில் இதற்கு 30,000 எழுத்துத் தொலைவில் இதன் செத்துப்போன இரட்டை ஒன்று கிடக்கிறது. நொதிக்கான பகுதிகளில் இரண்டும் 98 சதவீதம் ஒன்றே. ஆனால் அந்தப் போலி மரபணுவில் அங்கங்கே பிழைகள், அதிலிருந்து நொதி உருவாகாது. சினைமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும் அல்லவா? அப்போது நல்லதும் போலியும் தவறாக ஜோடி சேர்ந்துவிடுகின்றன. போலியின் பிழை நல்லதில் ஏறிவிடுகிறது, அல்லது நல்லதே வெட்டுப்பட்டுப் போகிறது. புதிதாக எங்கோ நேர்ந்த பிழை குறைவு. பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பழுதுதான்.

எவ்வளவு நொதி மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து நோய் மாறும். ஒன்றுமே இல்லையென்றால் உப்பைப் பிடித்து வைக்க முடியாமல், பிறந்த முதல் சில வாரங்களிலேயே குழந்தை நெருக்கடிக்குப் போகும். ஒன்றிரண்டு சதவீதம் இருந்தாலே உப்பு நிற்கும். காரணம் எளிய கணக்கு: நாளொன்றுக்குக் கார்டிசோல் 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் வேண்டும், ஆல்டோஸ்டீரோன் 0.1 மில்லிகிராம் போதும். 20 முதல் 50 சதவீதம் நொதி இருப்பவர்கள் பருவ வயதில் முகப்பரு, ஒழுங்கற்ற மாதவிடாய் என்று வரும்வரை அறியாமலே இருப்பார்கள்.

கார்டிசோலாக முடியாமல் தேங்கும் சரக்கு ஆண் ஹார்மோன் பக்கம் திரும்புவதால், பெண் குழந்தைகளின் வெளிப்புற உறுப்புகள் பிறக்கும்போதே மாறித் தெரியலாம். மருத்துவர் கண்டுகொள்வார். ஆண் குழந்தையில் ஒன்றும் தெரியாது, ஆகவே தவறவிடப்படுவது அவர்களே. பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிகிச்சை, இல்லாத ஹார்மோனை வாழ்நாள் முழுக்கத் தருவது. ஏசிடிஎச் விரட்டுவதை மூளை மட்டத்திலேயே குறைக்கும் கிரினெசெர்ஃபான்ட் என்ற மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மரபணு நன்றாக இருந்து ஸ்விட்ச் மட்டும் மாறிப்போனால் நோய் வருமா?

வரும். 8ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இரண்டு மரபணுக்கள்: ஒன்று கார்டிசோலின் கடைசிப் படிக்கு, மற்றது ஆல்டோஸ்டீரோனுக்கு. முதலாவதின் ஸ்விட்ச் ஏசிடிஎச்சுக்குப் பணியும். இரண்டாவது, உப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து நடப்பது. சில குடும்பங்களில் தவறான ஜோடி சேர்தலால் முதலாவதின் ஸ்விட்ச் இரண்டாவதின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. இனி ஏசிடிஎச் வரும்போதெல்லாம் ஆல்டோஸ்டீரோன். சிறு வயதிலேயே உயர் ரத்த அழுத்தம், சிலருக்கு இளமையிலேயே மூளை ரத்தக்கசிவு. 1992இல் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு இதை அவிழ்த்தது. மருந்து என்ன தெரியுமா? ஏசிடிஎச்சை அடக்கும் சிறிதளவு டெக்ஸாமெத்தசோன். ரத்த அழுத்தத்துக்கு ஸ்டீராய்டா என்று முதலில் கேட்பவர் திகைப்பார். ஸ்விட்ச் மாறிய கதை தெரிந்தால் திகைப்பு இருக்காது.

இந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் உண்டா?

நிறைய. மார்பகப் புற்றுநோயில் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இரண்டும் அரோமடேஸைத் தடுக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2011இல் வந்த அபிராட்டெரோன், சுங் 1987இல் எழுதிய அதே பி450சி17ஐத் தடுக்கிறது. அதோடு பிரெட்னிசோலோனும் சேர்த்தே கொடுப்பார்கள், கார்டிசோல் குறைந்து ஏசிடிஎச் எகிறாமல் இருக்க. தெரியாமலே தடுத்த கதையும் உண்டு: எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைத் தீவிர சிகிச்சையில் தொடர்ந்து ஏற்றியபோது இறப்புகள் கூடியதை 1983இல் கவனித்தார்கள். கார்டிசோலின் கடைசிப் படியை அது நிறுத்திவிட்டிருந்தது.

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் ஹார்மோன் குறையுமா?

வழக்கமான அளவில் ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குக் கார்டிசோல் குறிப்பிடும்படி குறைவதில்லை. தேவைப்படும் கொலஸ்ட்ரால் மிகக் கொஞ்சம், அதைப் பெறச் செல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. இதற்காக மாத்திரையை விட வேண்டாம்.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா?

ஓரளவுதான், கவனமாகப் பார்க்க வேண்டும். எலியின் அட்ரினலில் பி450சி17 இல்லை. அதனால் அது கார்டிசோலே செய்வதில்லை, கார்டிகோஸ்டீரோனை வைத்துக் காலம் தள்ளுகிறது. நஞ்சுக்கொடி விஷயத்தில் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தோம்.

பழுதான மரபணுவைச் சரிசெய்துவிட முடியாதா?

எலிகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். கெடுதல் செய்யாத வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி அட்ரினலுக்குள் அனுப்பினால் ஹார்மோன் சீராகிறது. கொஞ்ச காலத்துக்குப் பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. காரணம் சுரப்பியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அட்ரினல் புறணியின் செல்கள் வெளி ஓரத்தில் பிறந்து, வயதாக ஆக உள்நோக்கி நகர்ந்து, நடுப்பகுதிக்கு அருகே வந்து மடிகின்றன. மரபணு ஏற்றிய செல்களும் அந்த வரிசையில் நகர்ந்து மறைந்துவிடும், பின்னால் வருபவை பழைய பழுதோடுதான் பிறக்கும். ஆகவே இப்போதைய முயற்சி, வெளி ஓரத்தில் உறைக்கு அடியில் இருக்கும் மூலச் செல்களிலேயே எழுத்தைத் திருத்துவது. அங்கே திருத்தும்போதும், 98 சதவீதம் ஒத்த அந்தப் போலி இரட்டையை விட்டுவிட்டுச் சரியானதை மட்டும் அடையாளம் கண்டாக வேண்டும்.